முன்னால் வைத்த டிரம்

தெரிந்து செய்த தவறுக்கும் தெரியாமல் செய்த தவறுக்கும் கான்கிரீட்டில் ஒரே மாதிரிதான் விரிசல் விழுகிறது; மனிதருக்குள் மட்டும் அது ஏன் வேறு வேறாக விழுகிறது? பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் செய்த ஒன்றை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? கலைமதியிடம் யாரும் இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. அவள் வாழ்க்கைதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பதில் சொன்னாளா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, தொகுப்பு வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் அவள் வளர்ந்தாள். அப்பா சிவஞானமும் அம்மா ஜெயாவும் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள். தை பிறந்து பாத்தி கட்டத் தொடங்கினால் மழை இறங்கும்வரை வேலை இருக்கும். அப்பா பாத்தி மிதிப்பார், உப்பு வாருவார். அம்மா அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் குவியலுக்குக் கொண்டுபோவாள். ஓலை வீட்டில் இருந்தவர்களுக்கு அரசாங்கத்தில் வீடு வந்தபோது சிவஞானம் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அப்பாவு மேஸ்திரி. அவர் வெளியாள் இல்லை. சிவஞானத்தின் அக்கா ரேணுகாவைக் கட்டியவர், கலைமதிக்கு மாமா. அடுத்த தெருதான். மச்சினன் வீடு என்பதால் மற்ற வேலையை நிறுத்திவைத்துவிட்டு வந்து கட்டினார்.

வீடு கட்டிக் கொஞ்ச வருஷத்திலேயே மேல்தளம் கெட்டது. முதலில் அடிப்பக்கம் தேமல் மாதிரி பழுப்புக் கறை. பிறகு கம்பி ஓடுகிற வழியிலேயே ஒரு கோடு. பிறகு செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. ஒரு ஐப்பசி மழையில், உப்பளத்தில் வேலை இல்லாமல் ஜெயா வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய பத்தை பெயர்ந்து அவள் தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் தலைக்கு மேலே எழும்பவில்லை. தலைச்சுமை தூக்க முடியாதவளுக்கு உப்பளத்தில் மூட்டை தைக்கிற வேலைதான் கிடைத்தது.

அன்றைக்கு சிவஞானம் நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டார். அதுவரை "மாமா" என்று கூப்பிட்டவர், அதற்குப் பிறகு "மேஸ்திரி" என்று மட்டும்தான் கூப்பிட்டார். அக்காவும் தம்பியும் திருவிழாவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் பூக்கடையைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார். சொந்த மச்சினன் வீட்டையே இப்படிக் கட்டியவனை யார் நம்பி வேலைக்குக் கூப்பிடுவார்கள்? அப்பாவு மேஸ்திரிக்கு வீடு கட்டுகிற வேலைகள் வருவது நின்றது. கரணையை வைத்துவிட்டு அவரும் உப்பளத்துக்கு வந்தார். அதுவும் சிவஞானம் வேலை பார்க்கிற அதே முதலாளியின் உப்பளத்துக்கு.

"மேஸ்திரி, வரப்பையாவது நேரா போடு. இதுவும் யாரு மேலயாவது வுழுந்துடப் போவுது" என்பார் சிவஞானம், எல்லோர் காதிலும் விழும்படி. பாத்தியில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்பாவு உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டு போவார். அவரும் தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பிக்கு அடியில் போதுமான கனம் விட்டோமா, கலவையைச் சரியாகக் குத்தினோமா என்று தனக்குத்தானே கேட்டுக் கேட்டு, கடைசியில் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்ற முடிவுக்கே வந்திருந்தார்.

பன்னிரண்டாவதில் கலைமதி எடுத்த மதிப்பெண் பொறியியலுக்குப் போதவில்லை. வானூர் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் கட்டிடக்கலையும் கட்டுமான மேலாண்மையும் சேர்த்து ஒரு டிப்ளமோ இருப்பதாக, கூடப் படித்த ஆரோக்கியசெல்வி சொன்னாள். அவள் அனுமந்தைப் பெண். பேச ஆரம்பித்தால் பஸ் டெப்போவுக்குப் போய்ச் சேரும்வரை நிறுத்தமாட்டாள். பெண் பிள்ளை படிக்கிற படிப்பா இது என்று தெருவில் கேட்டார்கள். சிவஞானம்தான் பிடிவாதமாகச் சேர்த்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தைத் தெருவே கேட்டது. நம்ம வீட்டில் கட்டடம் தெரிந்தவர் ஒருத்தர் இருந்தால் இனிமேல் எந்த மேஸ்திரியும் ஏமாற்ற முடியாது என்றார்.

அந்தப் படிப்பில் அவள் கெட்டிக்காரியாக இருந்தாள் என்று சொல்வது மிகை. வரைபடத்தில் கை சுத்தம், கணக்கில் சுமார். வேலைகளை எந்த வரிசையில் அடுக்குவது, எதற்கு எது காத்திருக்க வேண்டும் என்ற பாடத்தில் மட்டும் அவளுக்குத் தனிப் பிடிப்பு இருந்தது. திருமுருகன் சார் அந்தப் பாடத்தையும் கட்டுமானப் பொருட்கள் பாடத்தையும் எடுத்தார். முன்பு பல சைட்டுகளில் வேலை பார்த்தவர். வகுப்பில் பேசுவதைவிட உடைத்துக் காட்டுவதில் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

ஒரு நாள் இரண்டு கான்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்தார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. உடைத்த முகத்தில் ஒரு மருந்தைத் தெளித்தார். ஒரு துண்டு பழுப்பாக மாறியது. மற்றது வெள்ளையாகப் பூத்தது. வெள்ளையாகப் பூத்தால் உள்ளே உப்பு இருக்கிறது என்றார். உப்பு கான்கிரீட்டை ஒன்றும் செய்யாது, கம்பியைத்தான் தின்னும். துருப்பிடித்த கம்பி ஊதும், ஊதிய கம்பி கான்கிரீட்டைத் தள்ளும், அது கீழே விழும். கலவைக்கு ஊற்றுகிற தண்ணீர் வழியாகப் போகிற உப்பு தளம் முழுக்கப் பரவிவிடும், அதை வெளியே எடுக்க வழியே இல்லை என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். கலைமதி எழுதவில்லை. ஏதாவது சந்தேகமா என்று சார் கேட்டபோது இல்லை என்று தலையாட்டினாள்.

அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

தளம் போடுகிற நாள் என்பது அந்தத் தெருவில் ஒரு கல்யாணம் மாதிரி. மிக்சர் மெஷின் வரும், ஆட்கள் வருவார்கள், வீட்டுக்காரர் எல்லோருக்கும் சாப்பாடு போடுவார். மெஷின் ஓட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பதால் தேவையான தண்ணீரை முதல் நாளே டிரம்களில் பிடித்து நிறுத்திவைக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குத் தளம் போட்டபோது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த கலைமதிக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். நல்ல தண்ணீர் தெருமுனைக் குழாயில் வரும். அதற்கு எதிர் வீட்டில் டியூஷன். அவள் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சாயங்காலம் அங்கேதான் இருப்பார்கள். நனைந்த பாவாடையும் இடுப்பில் பிளாஸ்டிக் குடமுமாக அவள் திரும்பத் திரும்பப் போய் வந்ததை அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் சிரித்தார்களா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

முதல் டிரம் நிறைந்ததோடு அவள் குழாயடிக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டுக்குப் பின்னால், உப்பளத்து ஓரமாக ஒரு கிணறு இருந்தது. பாத்திரம் துலக்கவும் மாட்டுக்குத் தொட்டி கழுவவும் ஆகும், குடிக்க முடியாது. மீதி டிரம்களை அதில் நிரப்பினாள். யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் தண்ணீர்தானே, குடிக்கவா போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இதுவரைக்கும் அது ஒரு பிள்ளையின் அறியாமை. உப்புத் தண்ணீர் கம்பியை என்ன செய்யும் என்று ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் அந்தப் பக்கத்து மேஸ்திரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கலவை போடுவதற்கு முன் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். கரித்தால் துப்பிவிட்டு வேறு தண்ணீர் கேட்பார்கள். அப்பாவு அப்படிச் செய்வதைக் கலைமதி பலமுறை பார்த்திருக்கிறாள். அதனால் மறுநாள் காலையில், யாரும் எழுவதற்கு முன்பு, குழாய்த் தண்ணீர் இருந்த டிரம்மிலிருந்து முக்கால்வாசியைக் குடங்களில் மொண்டுவைத்துவிட்டு, அதை உருட்டாமல் நகர்த்தி நகர்த்தி எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்து வைத்து, திரும்ப ஊற்றினாள். அப்பாவு வந்தார். முன்னால் இருந்த டிரம்மில் கைவிட்டு அள்ளினார், வாயில் ஊற்றினார், தலையாட்டினார். "தேன் மாதிரி இருக்குது. யாரு புடிச்சது, என் மருமவளா?" என்று கேட்டுவிட்டு அவள் கன்னத்தில் ஈரக்கையால் தட்டினார்.

தண்ணீர் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மாமாவை ஏமாற்றுகிறோம் என்பது தெரியும். வகுப்பில் அந்தத் துண்டு வெள்ளையாகப் பூத்தபோது இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தளம் தலைக்கு மேலே இருந்தது. அம்மா சீப்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றித் தலை வாரிக்கொள்வதைப் பார்க்கும்போது எழுந்து வெளியே போய்விடுவாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு சாயங்காலம் அப்பா எதிரில் போய் நின்றாள். "அப்பா, தளம் கெட்டதுக்குத் தண்ணியும் காரணமா இருக்கலாமாம்" என்று ஆரம்பித்தாள். சிவஞானம் சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஸ்திரி தண்ணீரிலும் கைவைத்துவிட்டானா என்று கேட்டார். ஜெயாவைக் கூப்பிட்டு, உன் நாத்தனார் புருஷன் செய்ததைக் கேள் என்றார்.  பாதி மட்டும் சொன்ன உண்மை மாமாவின் மேல் இன்னொரு கல்லாகப் போய் உட்கார்ந்ததைக் கலைமதி அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தாள்.

படிப்பின் கடைசிப் பருவத்தில், மாணவர்கள் கெட்டுப்போன ஒரு கட்டடத்தை எடுத்துக் காரணம் கண்டுபிடித்து, அதைத் திரும்பக் கட்டுகிற வேலையைத் திட்டமிட்டு நடத்த வேண்டும். யார் வீட்டை எடுக்கலாம் என்று சார் கேட்டபோது கலைமதி குனிந்துகொண்டாள். ஆரோக்கியசெல்வி எழுந்து, கலைமதி வீட்டுத் தளம்தான் சார் இருப்பதிலேயே மோசம், பழைய தளத்தை உடைத்துப் புதிதாகப் போட அரசாங்க உதவித்தொகைகூட வந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். தோழிக்கு உதவி செய்வதாக நினைத்தாள்.

கல்லூரியிலிருந்து சோதிக்க வருகிறார்கள் என்று கேட்டதும் சிவஞானம் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மேஸ்திரி வரட்டும், படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவர் காதாலேயே கேட்கட்டும் என்று. அப்பாவு வரமாட்டார் என்று கலைமதி நம்பினாள். அவர் உப்பளத்திலிருந்து அப்படியே, முழங்கால் வரை காய்ந்த சேறோடு வந்து வேலியோரம் நின்றார். பின்னால் ரேணுகா அத்தை.

திருமுருகன் சார் தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பத்தையைப் பெயர்த்து, பகல் வெளிச்சத்தில் கொண்டுவந்து, உடைத்து மருந்தைத் தெளித்தார். முகம் முழுக்க வெள்ளையாகப் பூத்தது. உப்பு, கலவையிலேயே போயிருக்கிறது என்றார் சார். மணலில் வந்திருக்கலாம், தண்ணீரில் வந்திருக்கலாம். மணல் ஆற்று மணல்தான், தெருவில் எல்லா வீட்டுக்கும் அதே லோடு என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

"தண்ணிய நான் வாயில ஊத்திப் பாத்தேன் சார்" என்றார் அப்பாவு.

சிவஞானம் அவர் பக்கம் திரும்பினார். "எத்தினி டிரம்ம பாத்த, மேஸ்திரி?"

அப்பாவு யோசித்தார். அவர் முகத்தில் அந்த நினைவு மெதுவாக வந்து சேர்வதை எல்லோரும் பார்த்தார்கள். "முன்னால இருந்தத" என்றார்.

தெரு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. யாரோ ஒருவர் "ச்சு" கொட்டினார்.  தன் குரல் வெளியே வருவதைக் கலைமதியே தூரத்திலிருந்து கேட்பது போலக் கேட்டாள்.

"தண்ணி புடிச்சது நான்தான் சார். எல்லாத்தையும் கொழாய்ல புடிக்கல. மிச்சத்தைக் கெணத்துல புடிச்சேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் சொன்னது எங்கேயும் போய் விழவில்லை. சிவஞானம் கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார். "அது கொயந்தை. அதுக்கு இன்னா தெரியும்? பாத்து வாங்க வேண்டியது மேஸ்திரி வேலை" என்றார். தெரு ஆமாம் என்றது. சாரும் மாணவர்கள் பக்கம் திரும்பி, மேற்பார்வை என்றால் என்ன என்று கேட்டீர்களே, ஒரு டிரம்மைப் பார்த்துவிட்டு மற்றதை நம்பிவிடக் கூடாது, அதுதான் மேற்பார்வை என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கிடைத்த உதாரணத்தைப் பாடமாக்கினார். பிள்ளைகள் அப்பாவுவைப் பார்த்தார்கள், வகுப்பில் மேஜைமேல் வைத்த கான்கிரீட் துண்டைப் பார்த்த மாதிரியே.

அந்த டிரம்மை யார் முன்னால் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. டிரம்கள் எந்த வரிசையில் நின்றன என்பதெல்லாம் ஒருவர் யோசிக்கிற விஷயமா? கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அப்பாவு வேலியை விட்டு முன்னால் வந்தார். "சிவஞானம், தளத்தை ஒடச்சி நானே போட்டுக் குடுக்கறேம்பா. எனக்குக் கூலி வாணாம். ஜெயா கை திரும்ப வராது, தெரியும். இத்தயாவது செய்யறேன்" என்றார். ரேணுகா அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிவஞானம் செய்யட்டும் என்றார். அதையும் அவரிடம் சொல்லவில்லை, தெருவிடம் சொன்னார்.

மறுநாள் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஆரோக்கியசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ தைரியமா ஒத்துக்கின. நானா இருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன்டி" என்றாள். கலைமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனிதர் பார்க்கிறார்கள் என்பதால் வருகிற கூச்சம் ஒன்று இருக்கிறது. அது ஈரத் துணி மாதிரி, காய்ந்துவிடும். ஒருவரும் பார்க்கவில்லை என்பதால் வருவது வேறு. குழாயடியில் அவள் முதலாவதிலிருந்து தப்பிக்கத்தான் ஓடினாள். ஓடிப்போய் இரண்டாவதில் விழுந்தாள். அதன்மேல் இப்போது பாராட்டு வேறு.

வேலை தொடங்கியது. அது அவளுடைய செயல்முறைத் தேர்வு என்பதால் அட்டவணை அவள் போட்டது: எந்த நாள் உடைப்பது, எப்போது சென்ட்ரிங், எப்போது கம்பி. ஆள் அப்பாவு. உச்சி வெயிலில் அவர் சம்மட்டியால் பழைய தளத்தை உடைத்தார். தலையில் துண்டு, முகமெல்லாம் சிமெண்ட் தூள். சிவஞானம் எதிரே வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு பார்த்தார். அவ்வப்போது ஏதாவது சொல்வார். எங்க வீட்டு இன்ஜினியர் பாக்குது, மேஸ்திரி, ஜாக்கிரதை என்பார். கலைமதி கையில் வரைபடத்தோடு நிற்பாள். மாமா அவளை நிமிர்ந்து பார்த்து, "கம்பிக்கு அடியில இவ்ளோ எடம் வுட்டாப் போதுமாங்க?" என்று கேட்பார். அந்த "ங்க" கேலியில்லை. படித்த பெண்ணிடம் பேசுகிற மரியாதை. அவள் கன்னத்தில் தட்டிய கை இப்போது அவள் முன்னால் அளவுநாடாவை நீட்டிக் காத்திருந்தது. அவள் போதும் மாமா என்பாள். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் அதை அண்ணாந்து குடிப்பதைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

ஒருமுறை ரேணுகா அத்தை சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தபோது கலைமதியைத் தனியாகப் பிடித்தாள். "ஒங்க மாமா இப்போ தூங்கறாரு தெரியுமா? இத்தினி வருஷமா தூங்கல. எங்க தப்பு வுட்டோம்னு தெரியாம கெடந்தாரு. இப்ப தெரிஞ்சிபோச்சி. ஒரு டிரம்ம பாத்துட்டு மத்தத வுட்டுட்டேன்னு சொல்லிச் சொல்லி மனசு ஆறிட்டாரு" என்றாள். மாமாவுக்கு நிம்மதி கிடைத்துவிட்டது. அதுவும் தவறான நிம்மதி. இதைக் கலைத்துவிட்டால் அவருக்கு நல்லதா, தனக்கு மட்டும்தான் நல்லதா? இந்தக் கேள்வி அவளுக்கு ஒரு சாக்காக உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சாக்கில் அவள் இன்னும் கொஞ்ச நாளைக் கடத்தினாள்.

புதுத் தளம் போடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கலைமதி தண்ணீர் பிடித்தாள். குழாயடி அப்படியேதான் இருந்தது. டியூஷன் வீடு இப்போது மொபைல் கடை. வாசலில் உட்கார்ந்திருந்த பையன்கள், இன்ஜினியரம்மா குடம் தூக்குது டோய் என்றார்கள். அவள் எல்லா டிரம்மையும் அங்கேயே நிரப்பினாள்.

காலையில் மிக்சர் வந்தது. ஆட்கள் ஜல்லியையும் எம்-சாண்ட் மணலையும் கூடையில் அள்ளி வரிசையாக நின்றார்கள். திருமுருகன் சார் மதிப்பெண் போட வந்திருந்தார். ஜெயா அடுப்பைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றாள். சிவஞானம் கட்டிலில். அப்பாவு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்களை நோக்கி நடந்தார். பழக்கம் என்பது பெரிய விஷயம். இத்தனைக்குப் பிறகும் அவர் கால் முன்னால் நின்ற டிரம்முக்குத்தான் போனது.

"மாமா" என்றாள் கலைமதி. "கடைசி டிரம்ல இருந்து பாருங்க."

அவர் திரும்பினார். சிவஞானம் கட்டிலிலிருந்து, ஆமா ஆமா, இந்த தடவையாவது எல்லாத்தயும் பாக்கட்டும் என்றார்.

"அதுக்கில்லப்பா" என்றாள் அவள்.  "அன்னிக்கி நல்ல தண்ணி டிரம்ம முன்னால வெச்சது நான். மாமா வாயில ஊத்திப் பாப்பாருன்னு தெரியும். அதுக்காகத்தான் வெச்சேன். அவரு அசட்டையா வுடல. நான் ஏமாத்தினேன்."

மிக்சர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. கூடையைத் தலையில் வைத்திருந்த ஒரு சித்தாள் அதை இறக்கிவைத்தாள். சிவஞானம் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல அப்படியே நின்றார். இத்தனை வருஷமாக உப்பளத்தில் அவர் உரக்கச் சொன்ன ஒவ்வொன்றும் அவருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். ஜெயா மகளைப் பார்த்தாள். பிறகு தன் வலது தோளை இடது கையால் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையைப் பற்றிக் கலைமதி பின்னாளில் யாரிடமும் பேசியதில்லை.

அப்பாவு கடைசி டிரம்முக்கு நடந்தார். கைவிட்டு அள்ளி வாயில் ஊற்றினார். துப்பினார். அதற்கு அடுத்தது. அதற்கு அடுத்தது. முன்னால் இருந்ததுவரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்குது. கலவய போடுங்கப்பா, வெயில் ஏறுது" என்றார். அவளைப் பார்க்கவில்லை.

தளம் போட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் தன் கையால் மேஸ்திரிக்கு முதல் இலை போட வேண்டும் என்பது வழக்கம். சிவஞானம் இலையைப் போட்டார், சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். "போட்டுக்குங்க மாமா" என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பாவு சாப்பிட்டார். மன்னிப்பு என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. ரேணுகா அத்தை மட்டும் தம்பியைப் பார்த்து, கூட்டுல உப்பே இல்லடா, உப்பளத்துல வேலை செய்யறவன் வூடாடா இது என்றாள். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

கலைமதி சிரிப்பு சத்தத்தைப் பின்பக்கம் நின்று கேட்டாள். அப்பாவு கைகழுவ அங்கே வந்தார். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்கே ரெண்டாவது டிரம்ல கைய வுட்டிருந்தன்னா, ஒன் காதத் திருவி அனுப்பியிருப்பேன். அத்தோட போயிருக்கும்" என்றார். அவ்வளவுதான். பேச்சில் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் அவளை மருமவளே என்று கூப்பிடவில்லை. "ங்க" போட்டுப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே எழுத முடியாது. ஜெயாவின் கை எழும்பவில்லை. அப்பாவு மேஸ்திரிக்கு வேலைகள் திரும்ப வந்தன, முன்பு போல இல்லை. கெட்ட பெயர் ஊருக்குள் பரவிய வேகத்தில் அது பொய் என்ற செய்தி பரவவில்லை. வேலை இல்லாத மாதங்களில் அவர் இன்னும் உப்பளத்துக்குத்தான் போகிறார். சிவஞானம் அக்கா வீட்டுக்குப் போய் வரத் தொடங்கினார். மகளோடு பேச அவருக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. அவளை அந்தப் படிப்பில் சேர்த்துவிட்ட காரணத்தை மட்டும் அவர் அதற்குப் பிறகு தெருவில் சொல்வதில்லை. உண்மையைச் சொன்னதற்காகக் கலைமதியைப் புகழ்கிறவர்கள் உண்டு. சொல்ல வேண்டிய நாளில் பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை ஒரு மனிதர் வெயிலில் உடைத்துக் கொட்டும்வரை வைத்திருந்தவளைப் புகழ எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. இதை அவளிடம் சொன்னால் மறுக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

அவள் படிப்பை முடித்தாள். இப்போது மரக்காணத்திலும் அனுமந்தையிலும் சின்னச் சின்ன வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து, வேலையையும் நின்று பார்க்கிறாள்.

சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. தளம் போட்டு மிச்சமாகிற கலவையை அங்கே யாரும் வீணாக்குவதில்லை. துண்டுக் கம்பி போட்டு வாசல்படியாகவோ துவைக்கிற கல்லாகவோ ஊற்றிவிடுவார்கள். முதல் தளத்தின் மிச்சம்தான் அவர்கள் வீட்டு வாசல்படி. அதே கலவை, அதே தண்ணீர். அதுவும் வெடித்து, உள்ளே துருக் கம்பி தெரியக் கிடந்தது. புதுத் தளம் போட்ட அன்றைக்கு, மிச்சக் கலவையோடு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்பாவு சம்மட்டியை எடுத்தார். கலைமதி வந்து படிக்கு முன்னால் நின்றாள். இது இருக்கட்டும், கலவையைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு ஊற்றிவிடுங்கள் என்றாள். ஏன் என்று சிவஞானம் கேட்டார். சாரும் கேட்டார். இருக்கட்டும் என்றாள்.

இன்றும் இருக்கிறது. வீட்டு வரைபடம் கேட்டு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். சொந்த வீட்டுப் படியைச் சரிபண்ணத் தெரியாதவளா நம்ம வீட்டைக் கட்டித் தரப்போகிறாள் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. ஒவ்வொரு கோடையிலும் அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. ஜெயா காலையில் இடது கையால் அதைக் கூட்டித் தள்ளுகிறாள். மறுநாள் மறுபடியும் பூக்கிறது.